எட்டுக் கோழிகளும் ஒரு சாக்பீஸும்

சங்கரன் முப்பத்தாறு வருஷம் வங்காளத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சரக்கு வேகன்களைப் பரிசோதித்தவர். கையில் நீளக் காம்பு போட்ட சுத்தியல், சட்டைப் பையில் சாக்பீஸ். வண்டி வந்து நின்றதும் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்றால் நல்ல சக்கரம். மொத்தென்றால் எங்கோ கீறல். நல்ல வேகன் ஓடும். பழுதான வேகனின் பக்கவாட்டில் 'சிக்' என்று எழுதுவார், அது பழுது பார்க்கிற தனித் தண்டவாளத்துக்குப் போகும். இனிமேல் தேறாது என்றால் 'கண்டம்'. அது பழைய இரும்புக்காரனுக்கு. ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் மனிதர் இந்த மூன்றைத் தாண்டி உலகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டுச் சாம்பார் சிக். மச்சினன் ஆசை ஆசையாக வாங்கிய பழைய ஸ்கூட்டர் கண்டம், அதையும் மச்சினன் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அவர் மனைவி வசுமதிக்கு அறுபத்திரண்டு வயது. ஜீல் என்கிற ஏரிக்குப் போகிற சந்தில் அவர்களுக்குச் சொந்த வீடு, பின்பக்கம் கையகலக் கொல்லை, அதில் எட்டு நாட்டுக் கோழிகள். சேவல் இல்லை. ஒன்று இருந்தது, நேரங்காலம் தெரியாமல் கூவி பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி கல்பனா பௌதியின் தூக்கத்தைக் கெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பாகிப் போனது. வசுமதி இருபது வருஷம் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்கு விற்றவள். உதிர்ந்த அரிசியும் உளுந்துத் தோலும் வீணாகப் போகிறதே என்று நாலு குஞ்சு வாங்கி விட்டதில் ஆரம்பித்தது இந்தக் கோழி ராஜ்யம். மாவு அரைப்பதை நிறுத்தியும் கோழிகளை நிறுத்த முடியவில்லை. சங்கரனுக்கும் கோழிகளுக்கும் இருந்த ஒரே சம்பந்தம் காலையில் தட்டுக்கு வரும் ஆம்லெட்தான்.

அந்த வருஷம் வசுமதியின் வலது முட்டி சுத்தமாக மக்கர் பண்ணியது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே ஒரு கைப்பிடி தேவைப்பட்டது. ஆற்றுக்கு அக்கரையில் பவானிபூரில் குடியிருக்கும் மகள் மதுவந்தி விடாப்பிடியாகப் பாலிகஞ்சில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். முட்டியை மாற்றிவிட்டால் நன்றாக நடக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார். முதலில் வாங்கிய தேதியைத் துர்கா பூஜை வருகிறதென்று வசுமதி தள்ளிப்போட்டாள். இரண்டாவது தேதிக்குக் காளி பூஜை குறுக்கே வந்தது. மூன்றாவது தடவை பூஜை எதுவும் கிடைக்காததால் கோழிகளைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாசம் குனியக் கூடாதென்றால் கூண்டை யார் கழுவுவது? கல்பனா பௌதியைக் கேட்டதற்கு, நாலு என்றால் பார்த்துக்கொள்கிறேன், எட்டு என்னால் ஆகாது என்றாள். அப்படியானால் பாதியை அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார் சங்கரன்.

"எது இருக்கணும், எது போகணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள் வசுமதி. "கோழிக்கு ஒரு வழி பண்ணிட்டு அப்புறம் முட்டிக்குத் தேதி வாங்கலாம்."

சங்கரனுக்கு வாயெல்லாம் பல். நாலு வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த உத்தியோகம் தானாக வீடு தேடி வந்திருக்கிறதே. மறுநாளே பரணிலிருந்து பழைய சாக்பீஸ் டப்பாவை இறக்கினார்.

ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, கொண்டை நிறம் பார்த்து, இறக்கையை விரித்து, காலைத் தடவி, கூண்டின் பலகைக் கதவில் எழுதினார். இரண்டு மூன்று வயதுக்குள் இருந்த நாலும் 'ஃபிட்'. அதிலும் சிவப்பி என்று வசுமதி கூப்பிடும் கோழி தளதளவென்று இருந்ததால் அதன் பேருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். மீதி நாலும் கிழங்கள். ஏழு வயதான பெரியவள். எல்லாரையும் கொத்தி விரட்டும் கருப்பி. முட்டையிட்டால்கூடச் சத்தமே போடாத ஊமைச்சி. கடைசியாக நொண்டி. அதன் உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு நெல்லிக்காய் அளவு வீக்கம். எழுதுவதை உரக்கப் படித்துக்கொண்டே எழுதுவது யார்டில் பழகிய வழக்கம், உதவியாள் நோட்டில் ஏற்றிக்கொள்வான். இங்கே உதவியாள் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் வசுமதிதான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"நொண்டி. கால் வீக்கம். ஏற இறங்க முடியல. கண்டம்" என்று படித்தார்.

வசுமதியின் கை ஒரு நிமிஷம் நின்றது. சங்கரன் சாக்பீஸை ஊதிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நாலு கிழத்தையும் சந்தை முனையில் கறிக்கடை வைத்திருக்கும் ரபீக்கிடம் கொடுத்துவிடலாம் என்றார். அதற்கு வசுமதி, முட்டை போடுகிறதா இல்லையா என்று பார்க்காமலே எழுதுகிறீர்களே, யார்டில் தட்டிப் பார்க்காமல் எழுதுவீர்களா என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவரைச் சரியான இடத்தில் குத்தியது. மூன்று வாரம் சோதனை, அதற்கப்புறம் தீர்ப்பு என்று ஒப்புக்கொண்டார்.

எந்தக் கோழி முட்டை போடுகிறது என்று கண்டுபிடிக்கும் தந்திரத்தை அவர் யூடியூபில் பிடித்தார். முட்டை வருகிற இடத்தில் சாயம் தடவிவிட்டால் முட்டை அந்தச் சாயத்தோடு வந்து விழும். வீடியோவில் வந்த வெள்ளைக்காரி லிப்ஸ்டிக் தடவினாள். சங்கரன் வீட்டில் லிப்ஸ்டிக்குக்கு எங்கே போக? பெரியவளுக்குப் பூஜைக்கு வாங்கிய, பாதத்தில் பூசும் ஆல்தாவின் சிவப்பு, கருப்பிக்கு வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம், ஊமைச்சிக்குக் கேக் கலர் பச்சை, நொண்டிக்குக் கண்மை. ஒவ்வொரு காலையும் கோழிகளின் வாலைத் தூக்கிச் சாயம் தடவிக்கொண்டிருந்தவரைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த கல்பனா பௌதி, தாதாவுக்கு, அதாவது சங்கரன் அண்ணனுக்கு, ரிடையரான பிறகு தலையில் ஏதோ ஆகிவிட்டது என்று கடைக்காரனிடம் சொன்னாளாம். அது சந்து முழுக்கப் பரவியது.

மூன்றாம் நாள் காலை, இடுப்பளவு உயரத்தில் இருந்த முட்டைப் பெட்டியில் ஒரு பழுப்பு முட்டை. மேலே சிவப்புக் கோடு. ஏழு வயதுக் கிழவியா! சங்கரன் வாயைப் பிளந்தார். இரண்டு நாள் கழித்து நீலம். அப்புறம் பச்சை. அந்த வாரக் கடைசியில், கண்டம் என்று எழுதப்பட்ட நொண்டியும் கறுப்புத் தீற்றலோடு ஒரு முட்டையைக் கொடுத்தது. மூன்று வாரத்தில் கிழங்கள் பதினேழு முட்டை. நட்சத்திரம் வாங்கிய சிவப்பி வழக்கமாக உட்காரும் பெட்டியில் பாதி நாள் ஒன்றுமில்லை.

மதுவந்தி போன் பண்ணினாள். "ஷோனோ, கேளுப்பா, டாக்டர் டிசம்பர்ல டேட் இருக்குங்கறார். கன்ஃபர்ம் பண்ணட்டுமா?"

எல்லாக் கோழியும் முட்டை போடும்போது எதை அனுப்புவது என்று சங்கரன் கேட்டார். மகள், இந்த வீட்டில் கோழிக்கா முட்டிக்கா யாருக்கு முதல் மரியாதை என்று வங்காளியில் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். டிசம்பர் தேதியும் போனது.

ஆனால் சங்கரனின் காது சும்மா இல்லை. முப்பத்தாறு வருஷம் சக்கரத்தின் சத்தத்தை வைத்தே சோறு தின்ற காது. முட்டையிட்ட கோழி ஊரைக் கூட்டும், பெட்டியிலிருந்து குதித்து இறங்கி ஐந்து நிமிஷம் கொக்கரித்துத் தீர்க்கும். ஊமைச்சி கத்தாதது சரி. பெரியவளும் கருப்பியும் நொண்டியும் எப்போது ஊமையானார்கள்? குளிர்காலத்தில் பொழுது குறுகிவிட்டால் நல்ல கோழியே முட்டையைக் குறைத்துவிடும் என்று ரபீக் வேறு சொல்லியிருந்தார். தட்டினால் மொத்தென்று கேட்கும் சக்கரம் மாதிரி ஏதோ ஒன்று அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு காலை, கொல்லைக் குழாயில் கை கழுவியவர் ஈரத்தோடு பெட்டியில் கையை விட்டு முட்டையை எடுத்தார். நொண்டியின் கண்மைத் தீற்றல் போட்ட முட்டை. உள்ளங்கையில் பழுப்பு ஒட்டியது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். துடைக்கத் துடைக்க முட்டை வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கடையில் அட்டை அட்டையாக அடுக்கி வைத்திருக்கும் வெள்ளை முட்டையாக அவரைப் பார்த்து இளித்தது. மோந்து பார்த்தார். தேயிலை வாசனை.

சமையலறைக்குப் போனார். அலுமினியக் கிண்ணத்தில் டீத்தண்ணீர், அதில் நாலு முட்டை ஊறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஆல்தா பாட்டில், சொட்டு நீலம், காது குடையும் பஞ்சுக் குச்சி. மேடையை ஒரு கையால் பிடித்தபடி வசுமதி நின்றிருந்தாள். அவளால் ஓடவும் முடியாது, மறைக்கவும் நேரமில்லை.

சங்கரனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சந்தையில் வெள்ளை முட்டையைச் சாயத்தில் முக்கி நாட்டு முட்டை என்று ஏமாற்றுகிறவர்களை வண்டை வண்டையாகத் திட்டுகிறவள் இவள். கோழிகள் மேல் இவ்வளவு பாசமென்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, எட்டையும் வைத்துக்கொண்டிருக்கலாமே என்றார்.

"கோழி மேல என்ன பாசம்? கோழி கோழிதான்" என்றாள் வசுமதி. "எட்டும் முட்டை போட்டா எதையும் அனுப்ப முடியாது. எதையும் அனுப்பலேன்னா என் முட்டிக்கும் தேதி வாங்க மாட்டீங்க. அதுக்குத்தான்."

ஆபரேஷனுக்கு அவ்வளவு பயமா என்று கேட்டார்.

"ஆபரேஷனுக்கு என்ன பயம், ஊசி போட்டாத் தூங்கிடப் போறேன். எழுந்ததுக்கு அப்புறந்தான் பயம். மூணு மாசம் கட்டில்ல கெடப்பேன். ஒரு டம்ளர் தண்ணிக்கும் ஆள் வேணும்." கிண்ணத்து முட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கால் வீக்கம், ஏற இறங்க முடியல, கண்டம்னு எவ்ளோ ஈஸியாப் படிச்சீங்க. அதுக்கும் எனக்கும் ஒரே வியாதிங்க."

சங்கரன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நீயும் கோழியும் ஒன்றா என்று கேட்பதாக உத்தேசம். கேட்க முடியவில்லை. ஏனென்றால் அவருக்கு அந்த நேரம் பார்த்து, மது ஆறாவது படிக்கும்போது வசுமதிக்கு டைபாய்டு வந்தது ஞாபகம் வந்தது. பதினெட்டு நாள் படுத்திருந்தாள். கஞ்சி காய்ச்சியது கல்பனா பௌதி. தலையில் ஈரத்துணி போட்டது பத்து வயது மகள். அவர் ஒரு நாள்கூட ட்யூட்டி தவறாமல் யார்டுக்குப் போய், இருநூறு வேகன்களைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஜுரம் இறங்கிச்சா என்று வாசலிலிருந்தே கேட்டிருக்கிறார். அவருக்கு மகா கோபம் வந்தது. நியாயமாக அது வசுமதிக்கு வந்திருக்க வேண்டிய கோபம். தன் மேலேயே வந்த கோபத்தை எங்கே கொட்டுவதென்று தெரியாமல், கையிலிருந்த வெள்ளை முட்டையை உடைத்து ஆம்லெட் போட்டார். உப்பு கூடிப்போனது. இரண்டு பேரும் அதைத் தின்று தீர்த்தார்கள்.

அன்று மத்தியானமே கூண்டுக் கதவில் நொண்டியின் பேருக்கு எதிரே இருந்த 'கண்டம்' என்பதை ஈரத்துணியால் அழித்தார். 'சிக்' என்று எழுதினார். எழுதிவிட்டு வெந்நீர் போட்டார்.

சங்கரனின் சொந்த முட்டி நன்றாகவே இருந்தது, அதை வீட்டுக்குள் மடக்கியதுதான் கிடையாது. யார்டு பூட்ஸைப் போட்டுக்கொண்டு கொல்லையில் குந்தினார். உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் நொண்டியின் காலை ஊறவைத்து, பொருக்கை மெல்ல எடுத்து, மருந்து தடவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினார். அது அவர் மடியிலேயே கழிந்து வைத்தது. கருப்பி பின்னாலிருந்து வந்து காதைக் கொத்தியது. வசுமதி நாற்காலியில் உட்கார்ந்தபடி, கட்டை அவ்வளவு இறுக்காதீங்க, விரல் நடுவுல விடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கூண்டைச் சுரண்டிக் கழுவுவது, சாம்பல் தூவுவது, சாக்கு மாற்றுவது எல்லாம் அவர் தலையில் விழுந்தன. முதல் வாரம் அவர் கழுவிய லட்சணத்தைப் பார்த்து வசுமதி, இதுக்குக் கோழிங்களே கழுவிக்கும் என்றாள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கோழிக்கு வைத்த வெந்நீரில் மீதி இருக்கிறது, உன் முட்டிக்கும் ஒத்தடம் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வசுமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கோழிக்குப் போக மிச்சமா எனக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு அது. மறுநாளிலிருந்து முதல் வெந்நீர் வசுமதிக்கு, அப்புறந்தான் நொண்டிக்கு என்று முறை வைத்துக்கொண்டார்.

வேறு சிலதும் நடந்தன. காலையில் அவளுக்கு டீ போட்டுக் கட்டிலுக்கே கொண்டுவந்தார். அது டீ மாதிரி இல்லை, இருந்தாலும் அவள் குடித்தாள். ஒருநாள் அவளுக்கு முதுகுவலி என்று படுத்திருந்தபோது, கூப்பிடாமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டு நின்றார். அவருக்கு அப்படி நிற்பது புதுசு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. வசுமதி எதுவும் வேண்டாமென்றாள். அவர் போன பிறகு கொஞ்சம் அழுதாள். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை.

பொங்கலன்று காலை நொண்டி கூண்டுப் பலகையிலிருந்து தானாக இறங்கியது. கட்டுப் போட்ட காலை ஊன்றி, எடுத்து, மறுபடி ஊன்றி, மற்ற கோழிகளோடு போய் மண்ணைக் கிளற ஆரம்பித்தது. இன்னும் நொண்டத்தான் செய்தது. முட்டை போடவில்லை, போடும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. சங்கரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தானே அந்தக் கோழியைப் பெற்றெடுத்த மாதிரி நின்றார். வசுமதி அடுப்பில் பொங்கல் பொங்குவதைக்கூட மறந்து வாசற்படியிலிருந்து பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவளே போனை எடுத்து, தேதி வாங்கிடு என்று மகளிடம் சொன்னாள்.

சங்கரன் உற்சாகம் தாங்காமல், எட்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன், ஒன்றையும் அனுப்ப வேண்டாம் என்றார். வசுமதி ஒப்புக்கொள்ளவில்லை. புருஷன் திருந்திவிட்டான் என்பதற்காகக் கணக்கில்லாமல் தீனி போட அவள் என்ன பைத்தியமா? சிவப்பியையும் கருப்பியையும் ரபீக்குக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாள். கருப்பி சரி, அது கூட்டத்தையே நிம்மதியாக இருக்க விடாது. ஆனால் சிவப்பியா? நட்சத்திரம் போட்ட கோழியாயிற்றே என்றார் சங்கரன்.

"உங்க நட்சத்திரம் தன் முட்டையைத் தானே கொத்திக் குடிச்சிடுது. மத்ததுங்களுக்கும் கத்துக்கொடுத்துடும்" என்றாள். "பெரியவ இருக்கட்டும். சாயங்காலம் அவ ஏறினாத்தான் மத்ததெல்லாம் ஏறும். ஊமைச்சி ஒரு மூலைல கெடக்கும், அதால ஒரு தொந்தரவும் இல்ல. நொண்டிக்கு வைத்தியம் பாதில இருக்கு."

இதில் ஒன்றுகூட அவருடைய கதவில் எழுதப்பட்டிருக்கவில்லை. கொண்டை நிறமும் இறக்கையும் பார்த்தவர், சாயங்காலம் யார் பின்னால் யார் போகிறார்கள் என்று பார்க்கவில்லை. ஏழெட்டு வருஷமாக அதைப் பார்த்தவள் நாற்காலியில் இருந்தாள், அவளை யாரும் கேட்கவில்லை. சங்கரன் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார். அவள் எழுந்து போக முடியாதென்று கூண்டுக் கதவையே கழற்றி அவள் மடிக்குக் கொண்டுவந்தார். ஆறு பேர்களை அவள் கையாலேயே எழுதினாள்.

ஜனவரி கடைசியில் பாலிகஞ்ச் ஆஸ்பத்திரி. காலை ஏழு மணிக்கு ஓர் இளம் டாக்டர் வந்து, ஊதா மார்க்கரால் வசுமதியின் வலது தொடையில் முட்டியைப் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டு, கீழே ஏதோ கிறுக்கிவிட்டுப் போனார். தப்பான காலை அறுத்துவிடாமல் இருக்கப் போடும் குறி என்று மதுவந்தி விளக்கினாள். வசுமதி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க, எனக்கும் எழுதிட்டாங்க" என்றாள். "என்ன போட்டிருக்கு?"

சங்கரன் குனிந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, யார்டில் பார்ப்பது மாதிரி நிதானமாகப் பார்த்தார். டாக்டரின் கிறுக்கலில் ஓர் எழுத்துகூட விளங்கவில்லை. கணுக்காலை ஒரு விரலால் லேசாகத் தட்டினார்.

"சிக்" என்றார். "கண்டம் பண்ற வண்டிக்கு எவனும் புதுச் சக்கரம் மாட்ட மாட்டான், வசு."

அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் வரை போகும்வரை விடவில்லை. லிஃப்ட் கதவு மூடும் முன், சாயங்காலம் கூண்டைச் சாத்த மறக்காதீங்க என்று மட்டும் சொன்னாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரவில் மது கூட இருந்தாள், பகலெல்லாம் சங்கரன். நாலு மணி ஆனால் பஸ் பிடித்து ஆற்றுப் பாலம் தாண்டி சாந்த்ராகாச்சிக்கு ஓடிவந்துவிடுவார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கொல்லையில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. வசுமதி வாக்கரைப் பிடித்துக்கொண்டு ரூம் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாளாம். பன்னிரண்டு அடி. எண்ணினாளாம். மூச்சு வாங்கியபடி, ஆனால் குரலில் ஒரு மிடுக்கோடு சொன்னாள். சங்கரனுக்குக் கண் கலங்கியது, அதைக் கோழிகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

எல்லாம் அடைஞ்சாச்சா என்று கேட்டாள். அவர் போனை வைக்காமல் இருக்கச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவள் முதலில் ஏறினாள். பின்னாலேயே சின்னவை மூன்றும், அப்புறம் ஊமைச்சி. நொண்டி மட்டும் பலகையின் அடியில் நின்று, ஒரு காலை வைத்துப் பார்த்து, யோசித்தது. தூக்கிவிடலாமா என்று அவர் கை போனது. தூக்கவில்லை. காத்திருந்தார். அது மெதுவாக, ஒவ்வோர் அடியாக, தானே ஏறி உள்ளே போனது.

"ஆறும் வந்தாச்சு" என்றார் போனில். "நீ ஒருத்திதான் பாக்கி. அவசரமில்ல, மெதுவா வா."